பழைய காரின் பெற்றோல் மீற்றர்: கழற்றி எறிய முன் சோதித்துப் பாருங்கள்

மட்டக்களப்புப் பக்கம் இன்னும் ஓடுகிற மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் மாதிரிப் பழைய கார்களை எட்டிப் பார்த்தால் எஞ்சின் நன்றாக இருக்கும், பெயின்ட் மினுங்கும், சீற்றுக்குப் புது ரெக்சின் அடித்திருப்பார்கள், ஆனால் பெற்றோல் மீற்றரின் முள் மட்டும் ஒரே இடத்தில் படுத்துக் கிடக்கும். கேட்டால் "அது எப்பவோ போயிற்று, நான் ஒரு கணக்கில ஓடுறன்" என்பார்கள். கல்லடியிலிருந்து காத்தான்குடிக்குப் போய்வர அந்தக் கணக்குப் போதும். செங்கலடியால் திரும்பிப் பதுளை வீதியில் மகாஓயா பக்கம் போகிறவருக்குப் போதாது. மைனரில் பெற்றோலை இழுக்கிற மின்பம்ப் 'டிக் டிக் டிக்' என்று விடாமல் வேகமாக அடிக்கத் தொடங்கும்போதுதான் தாங்கி வெறுமை என்று தெரியவரும், அதற்குப் பிறகு கார் அதிக தூரம் போகாது. இதற்காகச் சிலர் பிளாஸ்டிக் போத்தலில் பெற்றோல் நிரப்பி டிக்கிக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நம் வெயிலில் மூடிய டிக்கிக்குள் அந்தப் போத்தல் ஊதி ஆவி கசியும், ஒரு பொறி போதும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்த புதிதில் ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்தார்களே, அப்போது முள் வேலை செய்கிற கார்க்காரர் எவ்வளவு நிம்மதியாக இருந்தார் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். முள் அசையவில்லை என்றால் உடனே டாஷ்போர்டைக் கழற்றி மீற்றரை மாற்ற வேண்டாம். நான் பார்த்த வரையில் மீற்றரே பழுதாவது குறைவு, அதோடு கழற்றுவதற்கு மிகவும் கரைச்சலானதும் அதுதான். காரின் பின்பக்கம் ஒரு வயரைக் கழற்றி, அதை ஒரு முறை பொடியில், அதாவது காரின் உடல் இரும்பில், தொட வைத்தாலே குற்றம் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சோதனையின் விடையைச் சரியாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வகை மீற்றரில் 'நல்லது' என்று காட்டும் அதே விடை இன்னொரு வகையில் 'பழுது' என்று பொருள்படும். கராஜ்களில் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான்.

முதலில் கரண்ட் போகிற வழியைப் பார்ப்போம். பற்றரியிலிருந்து சாவி, சாவியிலிருந்து பியூஸ், பியூஸிலிருந்து டாஷ்போர்டில் உள்ள மீற்றர். மீற்றரிலிருந்து ஒரேயொரு வயர் காரின் பின்பக்கம் நீளமாகப் போய்த் தாங்கியின் மேல் இருக்கிற ஃபுளோட் யூனிட்டில் முடிகிறது. அந்த யூனிட்டுக்குள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பார்த்த இறையோதற்றுதான் சின்னதாக இருக்கிறது. மிதவை பெற்றோலோடு ஏறி இறங்க, அதன் கை தடைக் கம்பிச் சுருளின் மேல் உரசிக்கொண்டு நகரும், தடை கூடும் குறையும். அதைத் தாண்டிய கரண்ட் யூனிட்டின் தகட்டால் தாங்கிக்கும், தாங்கியால் காரின் பொடிக்கும் இறங்கி, பொடி வழியாகவே பற்றரிக்குத் திரும்புகிறது. இதைத்தான் ஏர்த் என்கிறோம். ஆக மீற்றர், வயர், ஃபுளோட், ஏர்த் என்று நாலு இடம், இவற்றில் எங்கே அறுந்தாலும் முள் பொய் சொல்லும். பழைய இங்கிலாந்துக் கார்களில் லூக்காஸ் கம்பனியின் வயர் நிறங்களைப் பின்பற்றியிருப்பார்கள். சாவியும் பியூஸும் தாண்டி மீற்றருக்கு வருவது பச்சை, மீற்றரிலிருந்து தாங்கிக்குப் போவது கறுப்புக் கோடு போட்ட பச்சை. அறுபது வருட அழுக்கில் கோடு தெரியாது, பெற்றோல் தொட்ட துணியால் அல்ல, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள்.

உங்கள் கார் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1961 வரை வந்த பீட்டில்களில் பெற்றோல் மீற்றரே கிடையாது, காலடியில் ஒரு ரிசேர்வ் திருகுதான் இருந்தது. அதற்குப் பின் வந்தது கேபிள் இழுக்கிற மீற்றர், அதில் கரண்ட் வேலை எதுவும் இல்லை. 1968 மாடலோடுதான் மின் மீற்றர் வந்தது. இல்லாத வயரைத் தேடிக் காரைப் பிரிக்காதீர்கள்.

சரி, இரண்டு வகை என்று சொன்னேன். பழையது இரண்டு சுருள் வகை. மீற்றருக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் எதிரெதிராக இருக்கும், ஒன்று முள்ளைக் 'காலி' பக்கம் இழுக்கும், மற்றது 'நிறைவு' பக்கம் இழுக்கும். நம்மூர்க் கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் இழுப்பது மாதிரித்தான், எந்தப் பக்கம் பலமோ முள் அந்தப் பக்கம் போகும். பலத்தைத் தீர்மானிப்பது ஃபுளோட்டின் தடை. தாங்கி காலியாக இருக்கும்போது தடை கிட்டத்தட்ட 0, நிறைந்தால் சுமார் 70 ஓம். இந்த முள் சாவி போட்டவுடன் துள்ளும், வளைவில் பெற்றோல் ஆடினால் முள்ளும் ஆடும்.

புதியது ஈருலோக வகை. சாதாரணதரத்தில் படித்த அதே ஈருலோகச் சட்டம்தான், அதைச் சுற்றி ஒரு சூடாக்கும் கம்பி. கரண்ட் கூடினால் சூடு கூடும், சட்டம் வளையும், முள் ஏறும். சூடேற நேரம் எடுப்பதால் முள் மெதுவாக ஊர்ந்து ஏறும், சாவியை எடுத்தால் மெதுவாகக் 'காலி'க்கு இறங்கும், வளைவில் ஆடாது. தடைகள் இதில் தலைகீழ். காலித் தாங்கிக்குச் சுமார் 250 ஓம், நிறைந்த தாங்கிக்குச் சுமார் 20 ஓம். 1960களின் நடுப்பகுதியில் இங்கிலாந்துக் கார்கள் பல இந்த வகைக்கு மாறின. இந்த வகையோடு மீற்றருக்கு முன்னால் இன்னொரு சின்னப் பெட்டியும் இருக்கும், பற்றரி வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் மீற்றருக்குச் சராசரி 10 வோல்ட்தான் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அது. ஸ்டெபிலைசர் என்பார்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

எனவே உங்கள் மீற்றர் எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள். முள் செத்துக் கிடப்பதால் ஆட்டத்தைப் பார்க்க முடியாது என்றால் டாஷ்போர்டின் பின்னால் ஸ்டெபிலைசர் பெட்டி இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள், இருந்தால் ஈருலோகம். அதுவும் தெரியாவிட்டால் பரவாயில்லை, சோதனையின்போது முள் துள்ளுகிறதா ஊர்கிறதா என்பதே சொல்லிவிடும்.

சோதனைக்கு முன் பாதுகாப்பு, இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன். காரை வெளியில் நிழலில் நிறுத்தி டிக்கியையும் கதவுகளையும் கொஞ்ச நேரம் திறந்து விடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம், யாராவது பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தால் முகம் பார்க்காமல் தள்ளிப்போகச் சொல்லுங்கள். தாங்கிக்குப் பக்கத்தில் கரண்ட் உள்ள வயரை உரசிப் பொறி பறக்க வைக்கக் கூடாது. இணைப்பை எப்போதும் சாவி போடாமல் இருக்கும்போதே செய்யுங்கள், சாவியை முன்னால் போய்த் திருப்புங்கள், அப்போது பின்னால் பொறி வராது. எந்தக் காரணத்துக்காகவும் பற்றரியிலிருந்து 12 வோல்டை நேராக ஃபுளோட்டுக்குக் கொடுக்காதீர்கள், தலைமயிர் போன்ற அந்தத் தடைக் கம்பி தாங்கிக்குள்ளேயே எரிந்துபோகும், தாங்கிக்குள் இருப்பது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி வேலை. மொறிஸ் மைனர் சலூனில் டிக்கித் தளத்துப் பலகையைத் தூக்கினால் தாங்கியின் மேல்புறம் தெரியும், சுற்றிவரச் சின்ன ஸ்க்ரூக்களோடு ஒரு வட்டத் தகடு, அதன் மேல் ஒரு வயர். அந்த வயரைக் கழற்றி எதிலும் படாமல் தொங்க விடுங்கள். இப்போது முன்னால் போய்ச் சாவியைப் போட்டு முள்ளைப் பாருங்கள். இரண்டு சுருள் வகை என்றால் முள் 'நிறைவு'க்குப் போக வேண்டும். ஈருலோகம் என்றால் அசையாமல் 'காலி'யில் கிடக்க வேண்டும். சாவியை எடுங்கள். அடுத்து, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த வயர்த்துண்டு ஒன்றை எடுத்து, கழற்றிய வயரின் முனையைப் பொடியில் சுரண்டிச் சுத்தமாக்கிய ஓரிடத்தோடு இணையுங்கள், தாங்கித் தகட்டோடு அல்ல. திரும்பச் சாவியைப் போடுங்கள். இரண்டு சுருள் வகையில் முள் 'காலி'க்கு விழ வேண்டும். ஈருலோகத்தில் மெதுவாக ஏறி 'நிறைவு'க்கு வர வேண்டும், வந்தவுடன் சாவியை எடுத்துவிடுங்கள், சட்டத்தைத் தேவையில்லாமல் சூடாக்க வேண்டாம்.

இரண்டு தடவையும் முள் சொன்னபடி நடந்தால் மீற்றரும் நல்லது, அவ்வளவு நீள வயரும் நல்லது, குற்றம் ஃபுளோட்டில் அல்லது தாங்கியின் ஏர்த்தில். டாஷ்போர்டைத் தொடவே தேவையில்லை.

நடக்கவில்லை என்றால் முன்பக்கம் போங்கள். மீற்றருக்கு வருகிற பச்சை வயரில் வோல்டேஜ் இருக்கிறதா? அதைப் பார்க்க மல்டிமீற்றர் எடுக்க முன் வைப்பரையும் சிக்னலையும் போட்டுப் பாருங்கள், லூக்காஸ் பியூஸ் பெட்டியில் ஏ4 முனையிலிருந்து போகிற பச்சை வயர்களில்தான் அவையும் தொங்குகின்றன. அவையும் வேலை செய்யாவிட்டால் பியூஸ் அல்லது பியூஸ் பிடிப்பின் கறள். அவை வேலை செய்து மீற்றருக்கு மட்டும் கரண்ட் வராவிட்டால் நடுவில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. மீற்றர் வரை கரண்ட் வருகிறது, ஆனால் பின்னால் வயரைத் தொட வைத்தால் மாற்றமில்லை என்றால், மீற்றரின் மறுமுனையிலேயே ஒரு வயர்த்துண்டால் அதே ஏர்த் சோதனையைச் செய்யுங்கள். அங்கே முள் சரியாக நடந்தால் நடுவில் போகிற வயர் அறுந்திருக்கிறது, கார்ப்பெட்டுக்குக் கீழே நைந்திருக்கும் அல்லது எலி கடித்திருக்கும். அங்கேயும் நடக்காவிட்டால்தான் மீற்றரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் இரண்டு சுருள் வகையில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும், மீற்றரின் கூடு டாஷ்போர்டோடு நல்ல ஏர்த்தில் இருக்கிறதா? 'நிறைவு' பக்கம் இழுக்கிற சுருள் கூட்டின் வழியாகத்தான் ஏர்த்துக்குப் போகிறது. பெயின்ட் அடித்துத் திரும்பப் பூட்டிய டாஷ்போர்டில் அந்தத் தொடர்பு அறுந்திருந்தால் தாங்கி முட்ட முட்ட இருந்தாலும் முள் 'காலி'யிலேயே கிடக்கும். கூட்டிலிருந்து பொடிக்கு ஒரு வயரைப் பிடித்துப் பாருங்கள், முள் எழும்பினால் புது மீற்றர்க் காசு மிச்சம்.

இனி ஏர்த். நமது பக்கத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி எல்லாம் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் நிற்கிற காரின் இரும்பு எப்படி இருக்கும்? வடகீழ்ப் பருவமழையில் மூன்று மாதம் டிக்கி ஈரமாகவே இருக்கும், தாங்கித் தகட்டின் ஸ்க்ரூவில் கறளும் வயர் முனையில் பச்சைக் களிம்பும் பிடித்துவிடும். கறள் என்றால் வழியில் கூடுதல் தடை. அந்தக் கூடுதல் தடையை இரண்டு மீற்றர்களும் வேறு வேறு மாதிரி வாசிக்கின்றன. ஈருலோக வகையில் தடை கூடினால் முள் இறங்கும், இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், நீங்கள் கொஞ்சம் முந்தியே பெற்றோல் அடிப்பீர்கள், பெரிய நட்டமில்லை. இரண்டு சுருள் வகையில் தடை கூடினால் முள் ஏறும், இல்லாத பெற்றோலை இருக்கிறது என்று காட்டும். நடுவழியில் விடுவது இந்த முள்தான். எப்போதும் 'நிறைவு' காட்டுகிற பழைய மைனர் முள்ளைப் பார்த்து "மீற்றர் இறுகிப் போயிற்று" என்று சொல்கிறவர்கள் அநேகம், இறுகவில்லை, தாங்கி ஏர்த் போய்விட்டது அல்லது வயர் கழன்றிருக்கிறது.

ஏர்த்தைச் சோதிக்க மல்டிமீற்றரை 200 ஓமில் வையுங்கள். இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டு வருகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மலிவு மல்டிமீற்றர் வயருக்கே கொஞ்சம் தடை இருக்கும், அதைக் கழிக்க வேண்டும். பிறகு ஒரு ஊசியைத் தாங்கித் தகட்டிலும் மற்றதைப் பொடியின் சுத்தமான இடத்திலும் வையுங்கள். 1 ஓமுக்குக் குறைவாக இருந்தால் நல்லது. கூடினால் ஸ்க்ரூக்களைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அதைவிட நிலையான வழி தகட்டு ஸ்க்ரூ ஒன்றிலிருந்து பொடிக்குத் தனி வயர் ஒன்று போட்டு இரு முனையிலும் கிரீஸ் பூசிவிடுவது. நூறு ரூபாய் வயர் செய்கிற இந்த வேலையை விலை கொடுத்து வாங்கும் புது மீற்றர் செய்யாது.

ஏர்த்தும் நல்லது என்றால் ஃபுளோட். வயர் கழற்றியபடியே ஃபுளோட்டின் முனைக்கும் தகட்டுக்கும் இடையில் தடையை அளந்து, தாங்கியில் இருக்கிற பெற்றோலுக்கு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் யூனிட்டைக் கழற்றி வெளியே எடுத்து, காரிலிருந்து தள்ளி ஒரு மேசையில் வைத்துச் சோதியுங்கள், தாங்கியின் துளையைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். சில கார்களில் யூனிட் தாங்கியின் பக்கவாட்டில் இருக்கும், அங்கே முதலில் பெற்றோலை அந்த மட்டத்துக்குக் கீழே இறக்கியாக வேண்டும்.

மேசையில் வைத்து மல்டிமீற்றரைப் பிடித்துக்கொண்டு மிதவைக் கையை மிக மெதுவாகத் தூக்குங்கள். எண் ஒரே சீராக ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும். இடையில் திடீரென்று எண் காணாமல் போய் மீண்டும் வந்தால் அந்த இடத்தில் கம்பி தேய்ந்து அறுந்திருக்கிறது அல்லது அழுக்கு மூடியிருக்கிறது. 'அரைத் தாங்கியில் மட்டும் முள் பைத்தியம் மாதிரி ஆடுது' என்கிற முறைப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், எல்லோரும் காரை ஓட்டுவது அரைத் தாங்கிப் பகுதியிலேயே என்பதால் அங்கேதான் கம்பி அதிகம் தேய்கிறது. தொடர்பைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்துக் கையை மேலும் கீழும் அசையுங்கள். சேண்ட்பேப்பர் வேண்டாம், கம்பி அவ்வளவு மெல்லியது. பித்தளை மிதவை என்றால் காதோரம் வைத்துக் குலுக்குங்கள், உள்ளே 'சளக்' என்று கேட்டால் அது ஓட்டையாகிப் பெற்றோல் குடித்திருக்கிறது, மிதக்காது, எவ்வளவு அடித்தாலும் முள் எழும்பாது. அதை ஈயம் வைத்து ஒட்ட நீங்களே முயலாதீர்கள், உள்ளே பெற்றோல் ஆவி இருக்கிற மூடிய பித்தளைக் குமிழில் சூட்டுக்கோல் வைப்பது வெடியைக் கையில் பிடிப்பதுதான். மிதவையை மாற்றுங்கள்.

ஸ்டெபிலைசர் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஈருலோக வகைக் காரில் பெற்றோல் முள்ளும் எஞ்சின் சூட்டு முள்ளும் ஒரே நேரத்தில் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால் இரண்டு மீற்றரும் ஒன்றாகப் பழுதாக நியாயமில்லை, இரண்டுக்கும் பொதுவானது அந்தப் பெட்டி. அதன் கூட்டுக்கு ஏர்த் இல்லாவிட்டால் உள்ளே சூடேறாது, சுவிட்ச் திறக்காது, 12 வோல்ட் அப்படியே போய்க்கொண்டிருக்கும். நல்ல பெட்டி கரண்டை விட்டு விட்டு அனுப்பிச் சராசரியை 10 வோல்ட் ஆக்குகிறது, அதனால் டிஜிட்டல் மல்டிமீற்றரில் எண் பதினொன்று, பூச்சியம் என்று குதிக்கும், அதைப் பார்த்துப் பெட்டி பழுது என்று முடிவெடுக்க வேண்டாம். ஒரு சிறு பல்ப் வைத்தால் கண் சிமிட்டும், அது போதும். மாற்றுவதென்றால் இப்போது எலக்ரோனிக் பெட்டிகள் கிடைக்கின்றன, ஆனால் பழைய இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர் முனைதான் பொடியில் ஏர்த் ஆகியிருக்கும். பழைய மீற்றருக்கும் பழைய பெட்டிக்கும் நேர், எதிர் எதுவானாலும் சரி, எலக்ரோனிக் பெட்டிக்கு அப்படியில்லை, மாறிப் பூட்டினால் அந்த நொடியே எரிந்துவிடும். பற்றரியில் எந்த முனையின் வயர் பொடியில் இறுக்கியிருக்கிறது என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

ஃபுளோட் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். துளைக்குப் பொருந்துகிறது என்பதற்காக ஏதோ ஒரு காரின் ஃபுளோட்டைப் போட்டால் முள் தலைகீழாக ஓடக்கூடும், இரண்டு வகையின் தடைகளும் எதிரெதிர் என்று மேலே பார்த்தோமே. கடையிலேயே மல்டிமீற்றர் வைத்து மிதவை கீழே இருக்கும்போதும் மேலே இருக்கும்போதும் அளந்து பார்த்துக் காசு கொடுங்கள். மீற்றர் நடுவில் சரியாக வாசிக்கிறதா என்று தெரியாவிட்டால் எலக்ரோனிக் சாமான் கடையில் 2 வாட் தடை ஒன்று வாங்கி ஃபுளோட்டுக்குப் பதிலாக வயருக்கும் பொடிக்கும் நடுவில் வையுங்கள். ஈருலோக வகைக்கு 68 ஓம் வைத்தால் முள் கிட்டத்தட்ட அரையில் நிற்க வேண்டும், இரண்டு சுருள் வகைக்கு 33 ஓம் வைத்தாலும் அப்படியே.

எல்லாம் பூட்டி முடிந்த பிறகு, தாங்கி வெறுமையாக இருக்கும்போதே ஒரு முறை அளந்து நிரப்புங்கள். பிந்திய மைனர் தாங்கி ஆறரை கலன், அதாவது சுமார் 29 லீற்றர். பெற்றோல் செட்டில் ஐந்து ஐந்து லீற்றராக அடிக்கச் சொல்லி ஒவ்வொரு தடவையும் காரை மட்டமான தரையில் வைத்துச் சாவி போட்டு முள் நிற்கிற இடத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், ஆளில்லாத நேரம் பார்த்துப் போங்கள். முழுதும் கீழாகவோ மேலாகவோ காட்டினால் மிதவைக் கம்பியைக் கொஞ்சம் வளைத்துத் திருத்தலாம், அதில் 'நிறைவு' பக்கம் சரியாக வரவேண்டும் என்று மெனக்கெட வேண்டாம், 'காலி' பக்கத்தைச் சரியாக வையுங்கள்.